ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி: யாருக்கு, எப்போது, எந்த வரிசையில்

தடுப்பூசி அறையில் வேலை பார்ப்பவர்களிடம் அதிகம் கேட்கப்படுவது, "ஒண்ணு போட்டேன், அடுத்தது எப்போன்னு மறந்துட்டேன், இப்போ என்ன பண்றது?" என்பதுதான். அதற்கு அடுத்தபடி, "குழந்தைக்குப் பொறந்ததும் ஏதோ ஊசி போட்டாங்க, அது இதுவான்னு தெரியல" என்பது. ஊசி போடுவது ஒரு நிமிட வேலை. சிக்கல் எல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான் வருகிறது. அதனால் இங்கே வேலையின் வரிசையையே சொல்கிறேன். கணக்குகள் இந்தியாவின் தேசியத் தடுப்பூசி அட்டவணையை ஒட்டியவை. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற கடைசி முடிவு உங்கள் மருத்துவருடையது.

1. உங்களுக்கு எந்த அட்டவணை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லோருக்கும் ஒரே மருந்துதான். ஆனால் அளவும் இடைவெளியும் ஆளுக்கு ஆள் மாறும். பிறந்த குழந்தை, பாசிட்டிவ் (வைரஸ் உடலில் இருக்கும்) தாய்க்குப் பிறந்த குழந்தை, ஊசி விட்டுப்போன பிள்ளை, ஆரோக்கியமான பெரியவர், டயாலிசிஸ் போன்ற சிகிச்சையில் இருப்பவர், இப்போதுதான் ஊசி குத்தி ரத்தம் பட்டவர்: இந்த ஆறில் நீங்கள் யார்? இதை முடிவு செய்யாமல் பக்கத்து வீட்டுக்காரரின் அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு.

வயது ஏன் இவ்வளவு முக்கியம்? ஹெப்படைட்டிஸ் பி கல்லீரலைத் தாக்கும் வைரஸ். பிறக்கும்போது இந்த வைரஸ் தொற்றினால், ஏறத்தாழ 90 சதவீதக் குழந்தைகளுக்கு அது வாழ்நாள் முழுதும் தங்கிவிடும். பெரியவரானபின் தொற்றினால் அப்படித் தங்குவது 5 சதவீதம் அளவுக்குத்தான். தங்கிய வைரஸ் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்துவிட்டு, கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிவரலாம். ஆகவேதான் பிறந்த குழந்தைக்கு மணிக்கணக்கும் பெரியவருக்கு மாதக்கணக்கும் பார்க்கிறோம்.

2. பெரியவர்களில் யார் தள்ளிப்போடக் கூடாது

பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் உண்டு, அதில் விவாதமே இல்லை. பெரியவர்களில் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் கீழே வருபவர்கள் "பிறகு பார்க்கலாம்" என்று விடவே கூடாது.

வீட்டில் ஒருவருக்கு பாசிட்டிவ் என்றால் மற்ற எல்லோரும். முதலில் கணவன் அல்லது மனைவி, ஏனென்றால் உடலுறவு வழியாகப் பரவும். அடுத்து பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், பெற்றோர். இந்த வைரஸ் உடலுக்கு வெளியே காய்ந்த ரத்தத்திலும் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். ஒரே ரேசர், ஒரே நகவெட்டி, ஒரே பல்துலக்கி என்றால் அதுவே போதும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பாசிட்டிவ் ஆனவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்து ஒதுக்குகிற வீடுகளைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. சாப்பாட்டில், தண்ணீரில், இருமலில், கட்டிப்பிடிப்பதில் இது பரவாது. வீட்டில் எல்லோரும் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், ரேசரைத் தனியாக வையுங்கள். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

மருத்துவர், செவிலியர், ஆய்வகத் தொழில்நுட்பர், பல் மருத்துவமனை உதவியாளர், ஆம்புலன்ஸ் ஊழியர் எல்லோருக்கும் அவசியம். இந்தப் பட்டியலில் அடிக்கடி விட்டுப்போகிறவர்கள் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களும் சலவைப் பிரிவில் இருப்பவர்களும். குப்பைப் பையிலோ போர்வை மடிப்பிலோ கிடக்கும் ஊசி அவர்கள் கையில்தான் ஏறுகிறது. ஒப்பந்த ஊழியர் என்பதால் யாரும் பெயர் சேர்ப்பதில்லை. நீங்கள் மேற்பார்வையாளர் என்றால் அந்தப் பட்டியலை இன்றே பாருங்கள். நர்சிங், மருத்துவம், பாராமெடிக்கல் மாணவர்கள் வார்டுக்குள் கால் வைக்கும் முன்பே போட்டு முடிக்க வேண்டும்.

சிறுநீரகம் செயலிழந்தவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், தலசீமியா, ஹீமோபிலியா போன்றவற்றுக்காக அடிக்கடி ரத்தமோ ரத்தப் பொருளோ ஏற்றிக்கொள்பவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், ஹெப்படைட்டிஸ் சி அல்லது வேறு கல்லீரல் நோய் உள்ளவர்கள், உறுப்பு மாற்றத்துக்குக் காத்திருப்பவர்கள், ஒருவருக்கு மேற்பட்டவரோடு உறவு உள்ளவர்கள், ஆணோடு உறவு கொள்ளும் ஆண்கள், போதை ஊசி எடுப்பவர்கள், சிறையில் இருப்பவர்கள் ஆகியோரும் இதே வரிசைதான். சர்க்கரை நோயாளிகளையும் சேர்க்கிறேன். வீட்டில் ஒரே குளுக்கோமீட்டர் ஊசியை அப்பாவும் சித்தப்பாவும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நம் ஊரில் சாதாரணம்.

ஏற்கெனவே கல்லீரல் கெட்டவருக்கு இது எதற்கு என்று கேட்பார்கள். பலவீனமான கல்லீரலின் மேல் இன்னொரு வைரஸ் ஏறினால் தாங்காது என்பதால்தான்.

3. கையில் எடுத்துப் போக வேண்டியவை

குழந்தைக்கு: தாய் சேய் நல அட்டை, பிறப்பு விவரம் எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டு. கர்ப்பிணிக்கு: பிக்மி எண் (தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் எண்), கர்ப்ப காலத்தில் எடுத்த ரத்த ரிப்போர்ட்கள். பெரியவருக்கு: முன்பு போட்ட ஊசியின் சீட்டு எதுவானாலும், எடுக்கும் மாத்திரைகளின் பட்டியல், ஒவ்வாமை இருந்தால் அந்த விவரம். இந்தத் தடுப்பூசி ஈஸ்ட் செல்களில் தயாராவது. ஈஸ்ட்டுக்கோ முன்பு போட்ட டோஸுக்கோ மூச்சுத் திணறுமளவு கடும் ஒவ்வாமை வந்திருந்தால் போடக் கூடாது.

கிளினிக்குக்கு போன் செய்யும்போது "மஞ்சள் காமாலை ஊசி இருக்கா" என்று கேட்காதீர்கள். தண்ணீர், உணவு வழியே பரவும் ஹெப்படைட்டிஸ் ஏ-க்கும் தனியாக ஒரு தடுப்பூசி உண்டு. எது கிடைக்கிறதோ அது போட்டுவிடப்படும். "ஹெப்படைட்டிஸ் பி" என்று பெயரைச் சொல்லிக் கேளுங்கள், பில்லிலும் அதே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

கர்ப்பம், பாலூட்டல், லேசான சளி, லேசான காய்ச்சல், இவை எதுவும் தடையில்லை. இதில் உயிருள்ள வைரஸ் கிடையாது, வைரஸின் மேலுறைப் புரதம் மட்டும்தான். அதனால் ஊசியால் நோய் வராது.

4. ரத்தப் பரிசோதனை முதலில் வேண்டுமா?

குழந்தைகளுக்கு வேண்டாம். ஆபத்து எதுவும் இல்லாத பெரியவருக்கும் கட்டாயமில்லை. வீட்டில் பாசிட்டிவ் உள்ளவர், அடிக்கடி ரத்தம் ஏற்றியவர், டயாலிசிஸ் நோயாளி, கர்ப்பிணி, எப்போதாவது மஞ்சள் காமாலை வந்தவர், இவர்களுக்கு அவசியம் வேண்டும். காரணம், வைரஸ் ஏற்கெனவே உள்ளே இருந்தால் தடுப்பூசி அதை விரட்டாது. ஊசி போட்டதால் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு சிகிச்சை எடுக்காமலே போய்விடுவார்கள்.

மூன்று பரிசோதனைகள் உண்டு. எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ் என்றால் வைரஸ் இப்போது உடலில் இருக்கிறது, ஊசி தேவையில்லை, கல்லீரல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆன்டி எச்.பி.எஸ். மட்டும் பாசிட்டிவ் என்றால் தடுப்பூசியால் வந்த பாதுகாப்பு. ஆன்டி எச்.பி.எஸ்.ஸோடு ஆன்டி எச்.பி.சி.யும் பாசிட்டிவ் என்றால் முன்பு தொற்றி, குணமாகியிருக்கிறது. மூன்றும் நெகட்டிவ் என்றால் ஊசி உங்களுக்குத்தான்.

பரிசோதனைக்கு ரத்தம் எடுங்கள், அதே நாளில் முதல் ஊசியையும் போட்டுக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் வரட்டும் என்று போனவர்களில் பலர் திரும்பி வருவதில்லை. ஏற்கெனவே தொற்று இருந்தாலும் அந்த ஒரு ஊசியால் கெடுதல் இல்லை. வரிசை மட்டும் மாறக் கூடாது: முதலில் ரத்தம், பிறகு ஊசி. போட்ட ஊசியில் உள்ள புரதமே சுமார் 18 நாள் வரை எச்.பி.எஸ்.ஏ.ஜி. பரிசோதனையில் பாசிட்டிவ் காட்டக் கூடும். ஊசி போட்ட வாரத்தில் மாஸ்டர் செக்கப் எடுத்து, ரிப்போர்ட்டைப் பார்த்துக் குடும்பமே நடுங்குவது தேவையில்லாத வேதனை.

இன்னொன்று. கீழாநெல்லி குடித்தேன், கண் மஞ்சள் இறங்கிவிட்டது, சரியாகிவிட்டது என்று விடுவார்கள். மஞ்சள் இறங்குவது வேறு, வைரஸ் போவது வேறு. ஒருமுறை எச்.பி.எஸ்.ஏ.ஜி. பார்த்துவிடுங்கள். 6 மாதம் கழித்தும் பாசிட்டிவாகவே இருந்தால் அது தங்கிவிட்டது என்று பொருள்.

5. பிறந்த குழந்தை: முதல் 24 மணி நேரம்

முதல் ஊசி பிறந்த 24 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து வைரஸ் வந்திருந்தால், அது கல்லீரலில் வேரூன்றும் முன் உடல் எதிர்ப்பைத் தயார் செய்ய வேண்டும். அந்த ஓட்டப்பந்தயத்தில் ஒவ்வொரு மணியும் கணக்கு. தாய் நெகட்டிவ் என்றாலும் போடுகிறோம். ரிப்போர்ட் தவறலாம், பரிசோதனைக்குப் பிறகு தொற்றியிருக்கலாம், வீட்டில் வேறு யாருக்காவது இருக்கலாம்.

பிரசவ அறையில் நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். வைட்டமின் கே ஊசி தொடையில் போடுவார்கள், அது ரத்தக் கசிவைத் தடுக்க. காசநோய்க்கான பி.சி.ஜி. இடது மேற்கையில். போலியோ வாயில் சொட்டு. ஹெப்படைட்டிஸ் பி தொடையின் முன்-வெளிப்பக்கத் தசையில், 0.5 மி.லி. தொடையில் ஊசித் தடத்தைப் பார்த்துவிட்டு "போட்டாச்சு" என்று பாட்டி சொல்வார், அது வைட்டமின் கே ஆக இருக்கும். அட்டையில் ஹெப்படைட்டிஸ் பி பிறப்பு டோஸ் என்ற கட்டத்தில் தேதி மட்டுமின்றி நேரமும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த டோஸ் தவறுவது எப்போது? வெள்ளி இரவு பிரசவம், "திங்கட்கிழமை தடுப்பூசி நாளில் போடலாம்" என்ற பதில். பி.சி.ஜி. குப்பியை ஒரு குழந்தைக்காகத் திறக்கத் தயங்கி, எல்லா ஊசிகளையும் சேர்த்துத் தள்ளிவைப்பது. குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனதும் எல்லோரும் மறந்துவிடுவது. அந்தக் கட்டில் பக்கத்தில் இருக்கும் அப்பாவோ அத்தையோ ஒரு கேள்வி கேட்டால் போதும்: "சிஸ்டர், ஹெப்படைட்டிஸ் பி போட்டாச்சா, எத்தனை மணிக்கு?"

பிறகு 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் ஊசி. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ், ஹிப் (நிமோனியா, மூளைக்காய்ச்சல் தரும் ஒரு கிருமி) ஆகியவற்றோடு ஹெப்படைட்டிஸ் பி-யும் அதிலேயே இருக்கிறது. தனியாகக் கேட்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாம் இலவசம்.

24 மணி நேரம் கடந்துவிட்டால்? அரசு அட்டவணை அந்த நேரத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் தாமதமானாலும் பிறப்பு டோஸ் போடலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. குழந்தை மருத்துவரிடம் உடனே கேளுங்கள், 6 வாரம் காத்திருக்க வேண்டாம்.

இலங்கையில் உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு: அங்கே பென்டாவேலன்ட் 2, 4, 6 மாதங்களில் வரும். இரண்டு நாட்டு அட்டைகளையும் கலக்காதீர்கள்.

6. தாய்க்கு பாசிட்டிவ் என்றால்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். ஒரு குழந்தையின் வாழ்நாள் இங்கேதான் முடிவாகிறது. வைரஸ் அதிகம் பெருகும் நிலையில் இருக்கும் தாயிடமிருந்து, எந்தத் தடுப்பும் இல்லாவிட்டால், 70 முதல் 90 சதவீதம் வரை குழந்தைக்குப் பரவும். பிறந்தவுடன் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் (எதிர்ப்புப் புரதத்தை நேரடியாகவே தரும் ஊசி) சேர்த்துக் கொடுத்து, தொடரையும் முடித்தால் 85 முதல் 95 சதவீதம் தடுக்கலாம்.

கர்ப்பத்தின் முதல் பதிவிலேயே எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாருங்கள். பாசிட்டிவ் வந்தால் வைரஸ் அளவைப் பார்க்கும் டி.என்.ஏ. பரிசோதனை எடுப்பார்கள். ஒரு மி.லி.க்கு 2 லட்சம் அலகுக்கு மேல் இருந்தால், 28-வது வாரத்திலிருந்து டெனோஃபோவிர் மாத்திரை தொடங்கச் சொல்வார்கள். தாயின் ரத்தத்தில் வைரஸைக் குறைத்தால் குழந்தைக்குப் போவதும் குறையும். தேசிய வைரல் ஹெப்படைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். இந்தத் திட்டம் 2018 முதல் நடக்கிறது. உங்கள் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள்.

அடுத்து, பிரசவத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே மூன்று ஏற்பாடுகள். எங்கே பிரசவம் என்பதை உறுதி செய்யுங்கள். அங்கே இம்யூனோகுளோபுலின் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் எங்கிருந்து, எத்தனை மணி நேரத்தில் வரும் என்று எழுதி வாங்குங்கள். இது எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கும் பொருளல்ல. குழந்தை பிறந்தபின் அப்பா பைக்கில் கடை கடையாக அலையும் நிலை வரவே கூடாது. பாசிட்டிவ் தாய்மாரின் குழந்தைகளுக்கு அரசுத் திட்டத்திலும் இது உண்டு. முன்கூட்டிச் சொன்னால்தான் வரவழைத்து வைக்க முடியும்.

பிரசவ நாளில் கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் "எச்.பி.எஸ்.ஏ.ஜி. ரியாக்டிவ்" என்று பெரிதாக எழுதியிருக்க வேண்டும். இரவு ஷிப்டில் இருப்பவர் நான்காவது தாளைப் புரட்டிப் பார்ப்பார் என்று நம்பாதீர்கள். வலி வந்து உள்ளே போகும்போது வாயாலும் சொல்லுங்கள். மாமியாருக்குத் தெரியக் கூடாது என்று மறைக்கிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பயம் எனக்குப் புரிகிறது. செவிலியரைத் தனியாக அழைத்துச் சொல்லுங்கள், அந்த ரகசியத்தைக் காப்பது எங்கள் கடமை.

குழந்தை பிறந்ததும் 12 மணி நேரத்துக்குள் ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின் 0.5 மி.லி. ஒரே தொடையில் இரண்டையும் போடக் கூடாது, ஒரே சிரிஞ்சில் கலக்கவும் கூடாது. இம்யூனோகுளோபுலின் கிடைக்கத் தாமதமானால் தடுப்பூசியை நிறுத்திவைக்காதீர்கள். ஊசியை உடனே போட்டுவிட்டு, மற்றதை 7 நாளுக்குள் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தர வேண்டும்.

எடை 2 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கும் இதே நேரம்தான். ஆனால் அந்த முதல் ஊசியைத் தொடரின் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதன்பின் முழுதாக மூன்று டோஸ் வேண்டும். 6, 10, 14 வார பென்டாவேலன்ட் அதைப் பூர்த்தி செய்துவிடும்.

தாய்ப்பால் கொடுக்கலாம், முதல் மணி நேரத்திலேயே கொடுக்கலாம். பாசிட்டிவ் என்பதற்காகப் பவுடர் பால் வாங்கச் சொன்னால் ஏற்காதீர்கள். இதற்காக மட்டும் சிசேரியன் செய்யவும் தேவையில்லை.

கடைசிப் படி, பலரும் விட்டுவிடும் படி: 9 முதல் 12 மாதத்துக்குள் குழந்தைக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி.யும் ஆன்டி எச்.பி.எஸ்.ஸும் எடுக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தால் இம்யூனோகுளோபுலினிலிருந்து வந்த எதிர்ப்பே தெரியும், குழந்தையின் சொந்த எதிர்ப்பு தெரியாது. ஆன்டி எச்.பி.சி. இந்த வயதில் வேண்டாம். தாயிடமிருந்து வந்தது 2 வயது வரை ரத்தத்தில் தங்கி, வீணாகப் பயமுறுத்தும். எச்.பி.எஸ்.ஏ.ஜி. நெகட்டிவ், ஆன்டி எச்.பி.எஸ். 10-க்கு (ரிப்போர்ட்டில் mIU/mL என்ற அலகில்) மேல் என்று வந்தால் நிம்மதியாக மூச்சு விடலாம்.

7. ஒரு வயது தாண்டியும் போடாத பிள்ளை

அரசு மையத்தில் பென்டாவேலன்ட் தொடங்குவது ஒரு வயது வரைதான். ஒரு டோஸாவது அதற்குள் போட்டிருந்தால் மீதியையும் அதிலேயே முடிப்பார்கள். ஒன்றுமே போடாமல் ஒரு வயது தாண்டினால் டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ் மூன்றுக்கும் மட்டுமான ஊசி) தருவார்கள், அதில் ஹெப்படைட்டிஸ் பி கிடையாது. அட்டையில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும், இது மட்டும் விட்டுப்போயிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இப்படிப்பட்ட பிள்ளைக்குத் தனி ஹெப்படைட்டிஸ் பி ஊசி மூன்று டோஸ் தேவை: இன்று, ஒரு மாதம், 6 மாதம்.

பிள்ளைக்கான அளவு 0.5 மி.லி. எந்த வயதில் பெரியவர் அளவுக்கு மாறுவது என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். குப்பியோடு வரும் தாளில் போட்டிருப்பதைப் பின்பற்றச் சொல்லுங்கள்.

8. பெரியவர்: 0, 1, 6

பெரியவருக்கு 1 மி.லி., அதாவது 20 மைக்ரோகிராம். முதல் நாள், ஒரு மாதம் கழித்து, முதல் நாளிலிருந்து 6 மாதம் கழித்து. இரண்டாவதிலிருந்து 6 மாதம் என்று எண்ணுகிறவர்கள் அதிகம். ஜனவரி 10 முதல் டோஸ் என்றால் பிப்ரவரி 10, அடுத்து ஜூலை 10. மூன்று தேதியையும் முதல் நாளிலேயே போனில் நினைவூட்டலாகப் போடுங்கள்.

இரண்டோடு நிறுத்துவதுதான் பெரிய தவறு. ஐந்து மாத இடைவெளியில் ஆர்வம் போய்விடுகிறது. நாற்பது வயதுக்குள் இருக்கும் ஆரோக்கியமானவரில் முதல் டோஸுக்குப் பின் பாதுகாப்பு வருவது 30 முதல் 55 சதவீதம் பேருக்கு, இரண்டாவதுக்குப் பின் சுமார் 75 சதவீதம் பேருக்கு, மூன்றுக்குப் பின் 90 சதவீதத்துக்கு மேல். மூன்றாவது டோஸ்தான் நீண்ட நாள் நினைவைப் பதிய வைக்கிறது.

தேதி தவறிவிட்டதா? முதலிலிருந்து தொடங்க வேண்டாம். இரண்டு ஆண்டு கடந்திருந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். தாமதம் கெடுக்காது, அவசரம்தான் கெடுக்கும். முதல் இரண்டுக்கும் நடுவே குறைந்தது 4 வாரம், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே 8 வாரம், ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே 16 வாரம் இருக்க வேண்டும். இதைவிட நெருக்கிப் போட்டால் அந்த டோஸ் கணக்கில் வராது.

வெளிநாட்டு வேலைக்கு அடுத்த மாதம் கிளம்ப வேண்டும் என்றால் வேக அட்டவணை உண்டு: 0, 7, 21 நாள்கள், கூடவே 12-வது மாதம் நான்காவது டோஸ். அந்த நான்காவது இல்லாமல் வேக அட்டவணை முழுமையாகாது. கம்பெனி மாறினாலும் பரவாயில்லை. முதல் டோஸ் ஜீன்வேக், அடுத்தது எஞ்ஜெரிக்ஸ் என்றாலும் தொடர் தொடர்தான்.

9. டயாலிசிஸும் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களும்

டயாலிசிஸ் நோயாளிக்கு இரட்டை அளவு: ஒவ்வொரு முறையும் 40 மைக்ரோகிராம், 0, 1, 2, 6 மாதங்களில் நான்கு முறை. சிறுநீரகம் கெட்டால் ஊசிக்கு உடல் மந்தமாகப் பதில் சொல்லும், அதனால் அளவு கூடுகிறது. கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவு) ஏற ஆரம்பித்தவுடனேயே தொடங்கிவிட்டால் பலன் கூடுதல். டயாலிசிஸ் தொடங்கும் வரை காத்திருக்காதீர்கள்.

டயாலிசிஸ் அட்டைகளில் அடிக்கடி பார்ப்பது "ஹெச்.பி.வி. (ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி) முடிந்தது" என்ற ஒற்றை வரி. எத்தனை டோஸ், 20-ஆ 40-ஆ, எந்தத் தேதி என்று எதுவும் இருக்காது. வேறு மையத்துக்கு மாறும்போது அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. ஒவ்வொரு டோஸுக்கும் தேதி, அளவு, குப்பியின் பேட்ச் எண் எழுதச் சொல்லி வாங்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஆன்டி எச்.பி.எஸ். பார்த்து, 10-க்குக் கீழே போனால் ஒரு பூஸ்டர் போட வேண்டும்.

கீமோதெரபி, நீண்ட நாள் ஸ்டீராய்டு, உறுப்பு மாற்று என்று எதைத் தொடங்குவதானாலும் எச்.பி.எஸ்.ஏ.ஜி.யும் ஆன்டி எச்.பி.சி.யும் பார்த்துவிட்டார்களா என்று கேளுங்கள். அடங்கிக் கிடக்கும் வைரஸ் அந்த மருந்துகளால் விழித்துக்கொள்ளும்.

10. ஊசி போடும் மேசையில்

குப்பியைக் கேட்டுப் பாருங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். காலாவதித் தேதி சரியா? குலுக்கியபின் ஒரே சீராகப் பால் போல வெள்ளையாக இருக்கிறதா? திப்பி திப்பியாகத் தெரிந்தால் வேண்டாம். அரசுக் குப்பிகளில் வட்டத்துக்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வெளிவட்டத்தைவிட வெளிறியிருந்தால் நல்லது. இரண்டும் ஒரே நிறமானால் குப்பி வெப்பம் பட்டது, பயன்படுத்தக் கூடாது.

மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்தால் கெட்டுவிடும், மீண்டும் உருகினாலும் பயன் இல்லை. கடையில் வாங்கிக் கொண்டுபோகிறவர்கள் ஐஸ் கட்டியோடு ஒட்டவைத்துக் கொண்டு வருவதும், வீட்டு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசரை ஒட்டி வைப்பதும் அதனால்தான் ஆபத்து. முடிந்தவரை மருந்து வைத்திருக்கும் இடத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

பெரியவருக்குத் தோளுக்குக் கீழே மேற்கைத் தசையில், கைக்குழந்தைக்குத் தொடையில். பிட்டத்தில் போடவே கூடாது, அங்கே கொழுப்பில் இறங்கிவிட்டால் எதிர்ப்பு சரியாக வராது. சட்டைக் கையை மடிக்கக் கூச்சப்பட்டு "இடுப்பிலேயே போடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. அன்றைக்குத் தளர்ந்த கை உள்ள உடையில் வாருங்கள்.

போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். கடும் ஒவ்வாமை மிக அரிது, வந்தால் சில நிமிடங்களில் தெரியும், அங்கேயே சமாளிக்கலாம். கை வலி, லேசான காய்ச்சல் ஓரிரு நாளில் போகும்.

11. வேலை செய்ததா என்று யார் பார்க்க வேண்டும்

எல்லோரும் பார்க்க வேண்டியதில்லை. மருத்துவத் துறையினர், டயாலிசிஸ் நோயாளிகள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், பாசிட்டிவ் ஆனவரின் துணை, பாசிட்டிவ் தாயின் குழந்தை, இவர்கள் மட்டும். குழந்தைக்கான நேரத்தை மேலே சொல்லிவிட்டேன். மற்றவர்கள் கடைசி டோஸிலிருந்து ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் ஆன்டி எச்.பி.எஸ். எடுக்க வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் என்றால் போதும். குறைவென்றால் இன்னொரு முழுத் தொடர் போட்டு மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் வராவிட்டால் அந்த விவரத்தை எழுதி, பணியிடத்திலும் ஒரு பிரதி வையுங்கள். ஊசி குத்தினால் உங்களுக்கான சிகிச்சை வேறு.

பல ஆண்டு கழித்து எடுத்து, எண் குறைந்திருக்கிறது என்று பதறாதீர்கள். ஒருமுறை பாதுகாப்பு வந்த ஆரோக்கியமானவருக்கு ரத்தத்தில் எண் இறங்கினாலும் உடலின் நினைவு இருக்கிறது. அவர்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒரு பூஸ்டர் என்பது தேவையில்லாத செலவு.

12. ஊசி குத்திவிட்டால், ரத்தம் பட்டுவிட்டால்

குத்திய இடத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். பிழிய வேண்டாம், பிளீச்சிங் ஊற்ற வேண்டாம். கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரால் அலசுங்கள்.

உடனே பொறுப்பு மருத்துவரிடம் போய் எழுதிப் பதிவு செய்யுங்கள். யாருடைய ரத்தம் என்று தெரிந்தால் அவருக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி., எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் சி பார்ப்பார்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரைக்கு 72 மணி நேரக் கெடு இருக்கிறது, அதையும் அதே மூச்சில் கேளுங்கள்.

உங்கள் ஆன்டி எச்.பி.எஸ். 10-க்கு மேல் என்ற பழைய ரிப்போர்ட் இருந்தால் ஹெப்படைட்டிஸ் பி-க்கு ஒன்றும் செய்ய வேண்டாம். ஊசியே போடாதவர் என்றால், அந்த நோயாளி பாசிட்டிவ் எனும்போது, இம்யூனோகுளோபுலினும் முதல் டோஸும் சேர்ந்து வேண்டும், வெவ்வேறு இடங்களில். கிலோவுக்கு 0.06 மி.லி. என்பது இம்யூனோகுளோபுலின் அளவு. 24 மணி நேரத்துக்குள் என்றால் சிறப்பு, ஊசி குத்தலுக்கு 7 நாள் கடந்தால் பலன் எதிர்பார்க்க முடியாது. பாதுகாப்பில்லாத உறவு மூலம் என்றால் அந்த எல்லை 14 நாள். இரண்டு முழுத் தொடர் போட்டும் எதிர்ப்பு வராதவருக்கு, ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை இம்யூனோகுளோபுலின்.

அன்று போட்டதோடு விட்டுவிடாமல் ஒரு மாதத்திலும் 6 மாதத்திலும் வந்து தொடரை முடியுங்கள். அந்த 6-வது மாத வருகையிலேயே எச்.பி.எஸ்.ஏ.ஜி.யும் ஆன்டி எச்.பி.சி.யும் எடுக்கக் கொடுங்கள். ரத்தம் முதலில், மூன்றாவது ஊசி பிறகு.